மேனேஜரின் இடது பக்கம்

ஏப்ரல் 4

தங்கைக்கு,

அஞ்சு மாசம் கழிச்சு எழுதறேன். சௌக்கியமான்னு விசாரிக்கற நிலைமையில நான் இல்லை. உன் நம்பரை நீ கிளம்பின அன்னிக்கே போன்லேர்ந்து அழிச்சுட்டேன். பழைய கவர் ஒண்ணுல உன் விலாசம் கிடைச்சது. அதனால கடிதம்.

சுத்தி வளைக்காம சொல்லிடறேன். மேனேஜரைக் கத்திரிக்கோலால வெட்டிட்டேன்.

உயிரோடதான் இருக்கு. பயப்படாதே. பயப்படத்தான் செய்வே, தெரியும்.

நீ போனதுக்கு அப்புறம் அது தன்னை நக்கிச் சுத்தம் பண்றதையே விட்டுடுச்சு. பூனைக்குப் பதினேழு வயசுன்னா கிழம் இல்லையா. அவ்வளவு நீள முடி, முதுகுல, அக்குள்ல எல்லாம் கட்டி கட்டியாச் சேர்ந்துபோச்சு. விரலை விட்டா உள்ள போகலை. போன செவ்வாய்க்கிழமை காலையில கடையைத் திறக்கறதுக்கு முன்னாடி, துணி வெட்டற மேசை மேலயே படுக்க வெச்சு, நூல் வெட்டற சின்னக் கத்திரியை எடுத்தேன். இடது கையால ஒரு கட்டியைத் தூக்கிப் பிடிச்சேன். வலது கையால வெட்டினேன்.

நாப்பது வருஷமா கத்திரி பிடிக்கற கை இது. முடி வெட்டுப்பட்டா ஒரு மாதிரி சத்தம் வரும், துணின்னா வேற மாதிரி. அன்னிக்குச் சத்தமே வரலை. பட்டன் ஓட்டை திறந்துக்கற மாதிரி தோல் திறந்துக்கிச்சு. மூணு அங்குலம். உள்ள சிவப்பா, ஈரமா மின்னிச்சு. அது கத்தவே இல்லை. கழுத்தைத் திருப்பி என்னை ஒரு பார்வை பார்த்தது. நான்தான் கத்தினேன். எதிர் மருந்துக்கடைக்காரர் ஓடி வந்து டவல்ல சுத்தி கால்நடை டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போனார். ஏழு தையல்.

உன் அண்ணி உயிரோட இருந்தா என்ன சொல்லியிருப்பாளோ தெரியலை. நீ என்ன சொல்லுவேன்னு தெரியும். கிளம்பற அன்னிக்கே சொல்லிட்டியே.

அண்ணன்


ஏப்ரல் 9

அண்ணா,

உன் கடிதத்தை எங்க மிருக ஆஸ்பத்திரி சாப்பாட்டு ரூம்ல நின்னுக்கிட்டே பிரிச்சேன். 'வெட்டிட்டேன்'னு படிச்சதும் அப்படியே தரையில உட்கார்ந்துட்டேன். கூட வேலை செய்யறவங்க யாரோ செத்துட்டாங்கன்னு நினைச்சு தண்ணி கொண்டு வந்தாங்க.

நான் என்ன வேலை பண்றேன்னாவது ஞாபகம் இருக்கா? ஒரு நாளைக்குப் பத்துப் பூனை, நாய் என் கையில குளிச்சு, முடி வெட்டிக்கிட்டுப் போகுது. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே! வயசான பூனையோட தோல் டிஷ்யூ பேப்பர் மாதிரி இருக்கும். கட்டியைத் தூக்கினா தோலும் கூடவே எழும்பி அதுக்குள்ள போய் உட்கார்ந்துக்கும். முடி எங்க முடியுது, தோல் எங்க ஆரம்பிக்குதுன்னு கண்ணுக்கே தெரியாது. அதனாலதான் சிக்கு எடுக்க இங்க யாரும் கத்திரிக்கோலைத் தொடவே மாட்டோம்.

சரி, திட்டி என்ன ஆகப்போகுது. கவனமாப் படி.

அது சோம்பேறித்தனத்துல நக்காம இல்லை. மூட்டு வலி. உடம்பை வளைச்சுத் திருப்ப முடியலை. மேசை மேல டவல் விரிச்சு, எப்பவும் படுக்கற மாதிரியே தலை ஜன்னல் பக்கமா படுக்கட்டும். நீ வால் பக்கம் உட்கார். திருப்பித் திருப்பிப் போட்டு இம்சை பண்ணாதே. பல் அகலமா இருக்கற இரும்புச் சீப்பு வாங்கு. முடியோட வேரை ரெண்டு விரலால கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு, நுனியிலேர்ந்து ஆரம்பி. அப்பதான் தோல் இழுபடாது. சிக்கு இருக்கற இடத்துல ஒரு சிட்டிகை சோள மாவு தூவி விரலாலேயே பிரி. அஞ்சு நிமிஷம், அவ்வளவுதான். வால் டப்பு டப்புன்னு அடிச்சா நிறுத்திடு. ஈரம் பட்டா சிக்கு இன்னும் இறுகும். கம்பளித் துணி சுருங்கறது உனக்குத் தெரியாததா? அதனால சிக்கு போறவரைக்கும் குளிப்பாட்டாதே.

இன்னொண்ணு. காகிதத்துல இடது பக்கம் பாதிக்கு மேல காலியா விட்டு, ஓரமா ஒதுங்கி எழுதியிருக்கே. ஏன், தங்கச்சிக்கு ஒரு முழுக் காகிதம் கூடவா ஆகாது? கோபத்தை இப்படியெல்லாமா காட்டுவாங்க?

கிளம்பற அன்னிக்கு நான் சொன்னதை இழுத்திருக்கே. ஆமா, சொன்னேன். "அண்ணிக்கு வலிச்சதே உனக்குத் தெரியலை, பூனைக்கு வலிச்சாவா தெரியப் போகுது? என்கூட அனுப்பு"ன்னு கேட்டேன். நீ அனுப்பலை. இப்ப ஏழு தையல்.

தங்கை


ஏப்ரல் 14

தங்கைக்கு,

ஓரமா எழுதறேனாம். நான் ஒழுங்காத்தான் எழுதறேன். நீ எழுதியிருக்கற லட்சணத்தைப் பார். ஒரு வரிக்கும் தலை இல்லை. எல்லாம் நடுவுலேர்ந்து ஆரம்பிக்குது. மூணு தடவை படிச்சும் பாதி புரியலை. சீப்பும் சோள மாவும் புரிஞ்சது. அந்தப் பத்தி முடியற இடத்துல 'குளிப்பாட்டா'ன்னு நிறுத்தியிருக்கே. அவசரத்துல விட்டுட்டே போலன்னு நினைச்சு, தையல் நனையாம வெதுவெதுப்பான தண்ணியில குளிப்பாட்டிட்டேன்.

இப்ப வந்து பாரு மேனேஜரை! தினமும் காலையில அஞ்சு நிமிஷம். தலை ஜன்னல் பக்கம், நான் வால் பக்கம். ஒரு சிக்கு கிடையாது. சீப்பு வெண்ணெயில இறங்கற மாதிரி இறங்குது. முழுப் பூனையும் பட்டுத் துணி மாதிரி இருக்கு. நகம்கூட வெட்டிட்டேன். மருந்துக்கடைக்காரர் போட்டோ எடுத்து அவர் கடையிலேயே அச்சடிச்சுக் கொடுத்தார். அவர் கடைக் கவர்லேயே போட்டு அனுப்பறேன். எனக்குத் தெரியாதுன்னு இனிமே சொல்லாதே. போட்டோ எடுக்கும்போது அந்த மனுஷன் என்னவோ போல என்னைப் பார்த்தார். பொறாமையா இருக்கும்.

மத்தபடி இந்த மாசம் எனக்கு நேரமே சரியில்லை. இருபது வருஷமா வர்ற வாடிக்கைக்காரர் ஒருத்தர், பள்ளிக்கூடத்துல கணக்கு வாத்தியார். தெச்சுக் கொடுத்த சட்டையை எடுத்துக்கிட்டு வந்து, "ஒரு கை இல்லாம தெச்சிருக்கீங்களே, என்ன விளையாட்டு இது?"ன்னு கேட்டார். நான் தெச்சு, மடிச்சு, என் கையால கொடுத்த சட்டை! "நீங்களே பிரிச்சுட்டு வந்து என்னைக் கேட்கறீங்களா?"ன்னு கத்திட்டேன். அவர் சட்டையை மேசை மேல வெச்சுட்டுப் போயிட்டார். இன்னும் மனசு ஆறலை.

போனைக் காணோம். கடைக்கு வந்த யாரோ எடுத்துட்டாங்க போல. வாசல் நிலையில வேற தினமும் இடிச்சுக்கறேன், தோள் கன்னிப் போச்சு. நாப்பது வருஷமா இருக்கற நிலை, இப்பத்தான் குறுக்கே வருது.

அண்ணன்


ஏப்ரல் 18

அண்ணா,

இது என் கையெழுத்து இல்லை. நான் போன்ல சொல்லச் சொல்ல மருந்துக்கடைக்காரர் எழுதறார். அவர் கடைக் கவர்ல இருந்த நம்பருக்குத்தான் கூப்பிட்டேன். நீ போன் பக்கமே வர மாட்டேன்னு அடம் பிடிக்கறியாம். காகிதத்துல வலது பக்கம் மட்டும் எழுதுங்கன்னு அவர்கிட்ட சொல்லியிருக்கேன். ஏன்னு கடைசியில சொல்றேன்.

நீ அனுப்பின போட்டோவைக் கையில வெச்சுக்கிட்டு எவ்வளவு நேரம் நின்னேன்னு எனக்கே தெரியாது. மேனேஜரோட முதுகெலும்புல கோடு போட்ட மாதிரி இருக்கு. வலது பக்கம் நீ சொன்ன மாதிரி பட்டு. இடது பக்கம் ஒரு முடிகூடப் பிரிக்கலை. காதுலேர்ந்து வால் வரைக்கும் ஒரே கட்டி, அழுக்குக் கம்பளத்தை வெட்டி ஒட்ட வெச்ச மாதிரி. நீ வேணும்னே என்னைக் கேலி பண்றேன்னு நினைச்சு, உன்னைக் கன்னாபின்னான்னு திட்டிக்கிட்டே எங்க டாக்டரம்மாகிட்ட காட்டினேன்.

அவங்க சிரிக்கலை. "உங்க அண்ணன் எழுதின கடிதம் ஏதாவது இருக்கா?"ன்னு கேட்டாங்க. கொடுத்தேன். காலியா இருந்த இடது பக்கத்தை விரலால தடவிப் பார்த்தாங்க. "சாப்பிடும்போது தட்டுல ஒரு பக்கத்தை மிச்சம் வைக்கறாரா?"ன்னு கேட்டாங்க. எனக்கு எப்படித் தெரியும்?

அப்புறம் ஒரு நாயைப் பத்திச் சொன்னாங்க. மூளையில ரத்த ஓட்டம் அடைச்சுப்போன நாய். கிண்ணத்துல பாதிச் சோறை மட்டும் தின்னுட்டுப் பசியோட நிக்குமாம். கிண்ணத்தைத் திருப்பி வெச்சா, புதுச் சோறு வந்துடுச்சுன்னு மிச்சத்தையும் தின்னுமாம். கண்ணுல கோளாறு இல்லை அண்ணா. மூளை அந்தப் பக்கத்தையே விட்டுடுதாம். விட்டுட்டோம்னுகூட அதுக்குத் தெரியாதாம்.

மனுஷனுக்கும் இது வருமாம்.

அந்தக் கணக்கு வாத்தியார் பொய் சொல்லலை அண்ணா. போனை யாரும் திருடலை. தையல் மிஷினுக்கு இடது பக்கம்தான் இருக்காம், மருந்துக்கடைக்காரர் இப்பத்தான் பார்த்துட்டு வந்து சொன்னார். நான் 'குளிப்பாட்டாதே'ன்னுதான் எழுதினேன். வரி முடிஞ்சு 'தே' அடுத்த வரியோட இடது ஓரத்துக்குப் போயிடுச்சு. அதனாலதான் இந்தக் கடிதம் முழுக்க வலது பக்கம்.

என்னை நம்ப வேண்டாம். ஒண்ணே ஒண்ணு பண்ணு. மேனேஜரைத் தூக்கி, தலை உன்னைப் பார்க்கற மாதிரித் திருப்பிப் படுக்க வை. பாரு. பார்த்துட்டு, வாயைத் திறக்காம மருந்துக்கடைக்காரரோட ஆஸ்பத்திரிக்குப் போ. இன்னொரு தடவை அடைச்சா என்ன ஆகும்னு டாக்டரம்மா சொன்னதை நான் சொல்ல மாட்டேன்.

சாயங்கால வண்டிக்குக் கிளம்பறேன். ரெண்டு நாள் பயணம். நாளைக்கு மறுநாள் அங்க இருப்பேன்.

தங்கை


மே 1

தங்கைக்கு,

நீ நம்ம வீட்டுல, நான் ஆஸ்பத்திரியிலேர்ந்து அனுப்பி வெச்ச இந்தப் பயிற்சி விடுதியில. நடுவுல நாலு தெருதான். புதன், சனி ரெண்டு நாளும் நீ ஒரு மணி நேரம் வந்து உட்கார்ந்துட்டுப் போறே. மாத்திரை, தைலம், வீட்டுச் சாவின்னு பேசறோம். முக்கியமானது ஒண்ணும் பேசறதில்லை. தினமும் ஒரு பக்கம் எழுதணும்னு இங்க பயிற்சி கொடுக்கற பொண்ணு உத்தரவு. காகிதத்தோட இடது ஓரத்துல சிவப்பு மையால கோடு போட்டுக் கொடுக்கறா. "கோடு கண்ணுல படற வரைக்கும் தலையைத் திருப்புங்க, அங்கேர்ந்து ஆரம்பிங்க"ங்கறா. இந்த வரியைக் கோட்டுலேர்ந்துதான் ஆரம்பிச்சிருக்கேன், பார்த்துக்கோ.

நீ வர்றதுக்கு முன்னாடி என்ன நடந்ததுன்னு உனக்கு முழுசாத் தெரியாது. எழுதறேன்.

மருந்துக்கடைக்காரர் உன் கடிதத்தைக் கையில கொடுத்துட்டு வாசல்ல நின்னார். படிச்சேன். கோபம்னா அப்படி ஒரு கோபம். "என்னைப் பைத்தியக்காரன்னு முடிவு பண்ணிட்டீங்களா ரெண்டு பேரும்?"ன்னு அவரைக் கேட்டேன். "பூனையைத் திருப்புங்க சார், போதும்"னார்.

திருப்பினேன்.

அந்த நிமிஷத்தை எப்படிச் சொல்றதுன்னு தெரியலை. என் கையாலதான் தூக்கினேன், என் கையாலதான் வெச்சேன். ஆனா மேசை மேல வேற ஒரு பூனை இருந்தது. தெருவுல குப்பைத் தொட்டிகிட்ட படுத்திருக்குமே, அந்த மாதிரி ஒண்ணு. "இது யாரோட பூனை? என் பூனை எங்கே?"ன்னு கேட்டேன். நிஜமாத்தான் கேட்டேன். அது என்னை நிமிர்ந்து பார்த்து மியாவ்னுச்சு. குரல் மேனேஜர் குரல். மறுபடியும் பழையபடி திருப்பி வெச்சேன். பட்டு. இந்தப் பக்கம் திருப்பினேன். கம்பளம். நாலு தடவை திருப்பினேன். அஞ்சாவது தடவை மருந்துக்கடைக்காரர் என் கையைப் பிடிச்சுக்கிட்டார். "போதும் சார், அதுக்கு வலிக்கும்"னார். அவர் கண்ணுல தண்ணி.

ஒரு பொருள் காணாமப்போனா அந்த இடம் காலியாத் தெரியும். எனக்குக் காலியான இடமே தெரியலையே.

அன்னிக்குக் கத்திரி பட்டதுக்கும் இதுதான் காரணமாம். கட்டியை இழுத்துப் பிடிச்ச இடது கையில பிடி தளர்ந்துபோச்சு, தோல் மடிஞ்சு உள்ள வந்துடுச்சு, கைக்கே தெரியலைன்னு டாக்டர் சொன்னார்.

கணக்கு வாத்தியார்கிட்ட நீ போய் மன்னிப்பு கேட்காதே. நான் வந்து கேட்கறேன்.

அண்ணன்


மே 4

அண்ணா,

கோட்டுலேர்ந்து ஆரம்பிச்சது சரி. ஆறாவது வரியில வழுக்கிட்டே, ஒன்பதாவதுல திரும்பி வந்துட்டே. அந்தப் பொண்ணுகிட்ட சொல்லு.

நேத்து வந்தப்ப மேனேஜர் எப்படி இருக்குன்னு கேட்டே. நல்லா இருக்குன்னேன். முழுசாச் சொல்லலை. சொல்லிடறேன், மறைச்சு வெச்சு எனக்கும் பழக்கம் ஆக வேண்டாம்.

இடது பக்கம் சீப்புக்கு அடங்கலை. எங்க ஆஸ்பத்திரியிலேர்ந்து முடி வழிக்கற மிஷின் கொண்டு வந்திருந்தேன். மூணு நாள், ஒரு நாளைக்குக் கொஞ்சம். தோலை விரலால தட்டையா நீவிக்கிட்டு, மிஷின் சூடாகுதான்னு என் மணிக்கட்டுல வெச்சு வெச்சுப் பார்த்துக்கிட்டே வழிச்சேன். கட்டி முழுசா ஒரே துண்டா கழண்டு வந்தது. கையில தூக்கினா ஒரு ஈரச் செருப்பு கனம். அடியில தோல் மூச்சே விடாம சிவந்து கிடந்தது. ரெண்டு இடத்துல புண்.

அது பரவாயில்லை. அதுக்கப்புறம் முன்னங்காலைத் தொட்டேன். இடது கால்ல ஒரு நகம் வளர்ந்து, வளைஞ்சு, உள்ளங்கால் சதைக்குள்ளேயே இறங்கியிருந்தது அண்ணா. வலது காலுக்கு நீ அழகா வெட்டி விட்டிருக்கே. இந்தக் காலை வெச்சுக்கிட்டுத்தான் அது தினமும் உன் மேசைக்கு ஏறி வந்திருக்கு. நான் எத்தனையோ பூனை பார்த்தவ. கையில இருந்த இடுக்கியைக் கீழ போட்டுட்டு வெளிய போய் நின்னுட்டேன்.

திரும்பி வந்து வெட்டி எடுத்தேன். மருந்து வெச்சுக் கட்டினேன். நகத்தை எடுக்கும்போது என்ன பண்ணிச்சு தெரியுமா? குர்ர்ர்னு தொண்டையில ஓட்டிக்கிட்டே இருந்தது. எல்லாரும் அதைச் சந்தோஷம்னு நினைப்பாங்க. வலி தாங்க முடியாதபோதும் பூனை அப்படித்தான் பண்ணும். என் வேலையில சேர்ந்த முதல் வாரம் இதைத்தான் சொல்லிக் கொடுத்தாங்க.

இப்ப புண் ஆறுது. மூட்டு வலிக்கு மருந்து ஆரம்பிச்சாச்சு. முந்தாநாள் பின்னங்காலைத் தானே நக்கிச்சு. ரெண்டே நக்கு. எனக்குக் கை தட்டணும் போல இருந்தது.

தங்கை


மே 8

தங்கைக்கு,

நகத்தைப் பத்திப் படிச்சதுலேர்ந்து சாப்பாடு இறங்கலை. பயிற்சிப் பொண்ணு காரணம் கேட்டா. சொல்லலை. உனக்குச் சொல்றேன்.

உன் அண்ணியும் சிரிச்சுக்கிட்டேதான் இருந்தா. வயித்து மேல மேனேஜரைப் படுக்க வெச்சுக்கிட்டு, "சூடா இதமா இருக்கு, நீங்க போய் வேலையைப் பாருங்க"ன்னுவா. நான் போய் வேலையைப் பார்த்தேன். எட்டு மாசம். கடைசி மூணு வாரத்துலதான் டாக்டர்கிட்ட போனோம். அப்ப எல்லாம் முடிஞ்சுபோச்சு.

நேத்து காலையில பெரிய டாக்டர் வந்தப்ப ஒரு கேள்வி கேட்டேன். "இந்த அடைப்பு ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே வந்திருக்க முடியுமா? ஸ்கேன்ல தெரியுமா?" அவர் படத்தை வெளிச்சத்துல வெச்சுக் காட்டினார். "இது புதுசு. மார்ச் கடைசியில வந்தது. அதுக்கு முன்னாடி உங்க மூளை சுத்தமா இருந்திருக்கு"ன்னார். நல்ல சேதி சொல்றதா நினைச்சு என் தோளைத் தட்டிக் கொடுத்துட்டுப் போனார்.

நான் எதுக்குக் கேட்டேன்னு உனக்குப் புரியும். இருந்திருந்தா அது மேல பழியைப் போட்டிருப்பேன். இல்லை. அப்ப எனக்கு எல்லாப் பக்கமும் தெரிஞ்சது. அவ முகம் சுருங்கறது தெரிஞ்சது. ஆர்டர் நிறைய இருந்தது, அவ ஒண்ணுமில்லைன்னா, நானும் ஒண்ணுமில்லைன்னு வெச்சுக்கிட்டேன். நீ சொன்னது நிஜம். அதுக்காகத்தான் உன்மேல அவ்வளவு கோபம். பூனையை அனுப்பாததும் அதனாலதான். அனுப்பிட்டா நீ சொன்னதை ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்னு தோணிச்சு.

சனிக்கிழமை என்னை அனுப்பறாங்களாம். நீ அன்னிக்கே ஊருக்குக் கிளம்பறதா இருந்தாலும் நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். மேனேஜரைக் கூட்டிட்டுப் போ. இந்தத் தடவை நானே கூடையில வெச்சுத் தரேன்.

அண்ணன்


மே 9

அண்ணா,

மருந்துக்கடைக்காரர் கொண்டு வந்து கொடுத்த கடிதத்தைத் தையல் மிஷின் முன்னாடி உட்கார்ந்து படிச்சேன். பதிலையும் அவர் கையிலதான் கொடுத்து அனுப்பறேன். திரும்பப் படிக்கத் தைரியம் இல்லை.

டாக்டர்கிட்ட நீ அப்படி ஒரு கேள்வி கேட்டிருப்பேன்னு நான் கனவுலகூட நினைக்கலை. நீ சொல்லிட்டே, இப்ப நான் சொல்றேன். அந்த எட்டு மாசமும் நான் எங்க இருந்தேன்? இதே வீட்டுல, மாடி ரூம்ல. தினமும் அவங்க கையால காபி வாங்கிக் குடிச்சேன். ஒரு பூனை முடியை நக்கலைன்னா அதுக்கு எங்கேயோ வலிக்குதுன்னு கண்டுபிடிக்கறது என் வேலை. அண்ணி தலை வாரிக்கறதை விட்டு ரெண்டு மாசம் ஆச்சுன்னு நான் பார்த்தேன். பார்த்து என்ன பண்ணினேன் தெரியுமா? "என்ன அண்ணி, சோம்பேறி ஆயிட்டீங்களே"ன்னு கிண்டல் பண்ணினேன். அவங்க சிரிச்சாங்க.

இதை ரெண்டு வருஷமா யார்கிட்டயும் சொன்னதில்லை. உன்மேல கத்தும்போதெல்லாம் இதுதான் உள்ள கத்திக்கிட்டு இருந்தது. உன்னைக் குத்தம் சொல்லிக்கிட்டே இருந்தா என்கிட்ட யாரும் கேட்க மாட்டாங்க, பாரு.

நான் சொன்ன வார்த்தை பொய்யுன்னு இப்பவும் சொல்ல மாட்டேன். சொன்னா நீ நம்பவும் மாட்டே. ஆனா அதை உன் தலையில மட்டும் வெச்சுட்டு வண்டி ஏறினேனே, அது தப்பு. என்னை மன்னிச்சுடு.

ஊருக்குப் போகலை. டாக்டரம்மாவுக்கு எழுதிப் போட்டுட்டேன். நம்ம ஊரு கால்நடை டாக்டர், அந்த ஏழு தையல் போட்டவர், திங்கட்கிழமையிலேர்ந்து வேலைக்கு வரச் சொல்லியிருக்கார். மாடி ரூமைப் பெருக்கியாச்சு.

சனிக்கிழமை பத்து மணிக்கு வண்டியோட வரேன். எல்லாம் சரியாப் போச்சுன்னு வீறாப்பா நீயாப் படி இறங்காதே. நான் வந்து இடது கையைப் பிடிச்சுக்கற வரைக்கும் அங்கேயே நில்லு.

தங்கை